ஜெனீவாவில் 18 பேர் கேள்வி கேட்பதால் எந்த நாடாவது திருந்தியிருக்கிறதா?

கொழும்பில் சட்டத்தரணிகளுக்கு ஆவணங்களை மொழிபெயர்த்துக் கொடுப்பது என் தொழில். அதனால் இந்தக் கேள்வியை வருடத்துக்கு இரண்டு மூன்று முறையாவது யாராவது என்னிடம் கேட்பார்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். மார்ச் மாதம் வந்தால் எங்கள் பத்திரிகைகள் 'ஜெனீவா' என்று எழுதுவது ஐ.நா. மனித உரிமைகள் பேரவையை. அது 47 நாடுகளின் அவை; வாக்கெடுப்பு, பேரம், பழைய பகை எல்லாம் அங்கே உண்டு. நீங்கள் கேட்பது ஐ.நா.வின் மனித உரிமைகள் குழுவைப் பற்றி. 1966இல் ஏற்கப்பட்டு 1976இல் நடைமுறைக்கு வந்த குடியியல், அரசியல் உரிமைகள் சமவாயத்தை நாடுகள் மதிக்கின்றனவா என்று பார்ப்பது இதன் வேலை. உறுப்பினர்கள் 18 பேரும் தனிமனிதர்களாக அமர்கிறார்கள், தங்கள் அரசுகளுக்காக அல்ல.

அரசு அறிக்கை அனுப்பும். உள்ளூர் அமைப்புகள் தங்கள் பக்கத்தை எழுதி அனுப்பும். பிறகு அரசின் தூதுக்குழுவை எதிரே உட்காரவைத்து இரண்டு அமர்வுகளில் கேள்விகள் கேட்பார்கள். கடைசியில் வரும் அவதானிப்புகளில் 'வருந்துகிறது', 'கவலை கொள்கிறது' என்ற சொற்களைத் தமிழாக்கித் தமிழாக்கி என் கை சலித்துவிட்டது. சில பரிந்துரைகளை அரசு நிறைவேற்றியதா என்று பார்த்து ஏ, பி, சி என்று தரமும் இடுவார்கள், தவணைப் பரீட்சை போல. பெயிலானால் தண்டனை எதுவும் கிடையாது. இந்தியாவை 1997இல் விசாரித்தார்கள். அடுத்த விசாரணை 2024இல்தான் நடந்தது. 27 வருடம் பரீட்சைக்கு வராத மாணவனின் பெயரைக்கூட இந்தப் பள்ளிக்கூடம் வெட்டாது.

அப்படியானால் வீண்தானா? என் அனுபவத்தில், பதில் ஜெனீவாவில் இல்லை. அந்தந்த நாட்டு நீதிமன்றம் அந்தக் காகிதத்தைக் கையில் எடுக்கிறதா என்பதில் இருக்கிறது.

ஒடிசாவில் 1987 டிசம்பரில் 22 வயது இளைஞர் ஒருவரைப் பொலிஸார் பிடித்துச் சென்றார்கள். மறுநாள் ரயில் பாதையில் உடல் கிடந்தது. தாய் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். நீதிமன்றம் அதையே மனுவாக ஏற்றது. 1979இல் சமவாயத்தில் சேர்ந்தபோது இந்தியா, சட்டவிரோதக் கைதுக்கு அரசிடம் இழப்பீடு கோரும் உரிமை தன் சட்டத்தில் இல்லை என்று எழுதிக்கொடுத்திருந்தது. இருந்தும் 1993இல், நீலாபதி பெஹேரா வழக்கில், அதே சமவாயத்தின் 9ஆம் உறுப்புரையையும் சுட்டிக்காட்டி ஒன்றரை லட்சம் ரூபா கொடுக்கச் சொன்னது நீதிமன்றம். போன மகனுக்கு அது ஈடா என்பது வேறு கேள்வி. ஆனால் அரசு மூடிய கதவை அதே நாட்டு நீதிபதிகள் திறந்தார்கள்.

இனி எங்கள் கதை. சிங்கராசா வழக்கு. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் 1993இல் கைதான தமிழர். அவருக்கு எதிராக இருந்த சாட்சியம் ஒரேயொரு ஒப்புதல் வாக்குமூலம். அது சிங்களத்தில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. அவருக்குச் சிங்களம் தெரியாது. மொழிபெயர்த்தவர் ஒரு பொலிஸ்காரர். கீழே அவரது பெருவிரல் அடையாளம். சித்திரவதை செய்து வாங்கினார்கள் என்று அவர் சொன்னபோது, அதை நிரூபிக்கும் பொறுப்பும் அவர் தலையிலேயே விழுந்தது. 50 ஆண்டுச் சிறை, மேன்முறையீட்டில் 35 ஆனது. தனிநபரும் ஜெனீவாக் குழுவிடம் முறைப்பாடு செய்யலாம்; அவர் செய்தார். 2004இல் குழு, இது நியாயமான விசாரணை அல்ல என்று சொன்னது. அந்த முடிவை ஏந்திக்கொண்டு உயர் நீதிமன்றம் போனார்கள். (இந்திய வாசகர்களுக்கு: எங்கள் உயர் நீதிமன்றம்தான் உங்கள் உச்ச நீதிமன்றம். இதில் இடறாத மொழிபெயர்ப்பாளர் இல்லை.) 2006இல் வந்த தீர்ப்பு, தனிநபர் முறைப்பாட்டுக்கு வழிவிடும் நெறிமுறையில் 1997இல் ஜனாதிபதி நாட்டைச் சேர்த்ததே அரசியலமைப்புக்கு முரண் என்றது. வழக்குத் தள்ளுபடி.

அடுத்த வருடமே சமவாயத்துக்கு உயிர்கொடுப்பதாகச் சொல்லி 56ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அதன் 3ஆம் பிரிவு, பகைமையைத் தூண்டும் பேச்சைத் தடுப்பதற்கானது. 2019இல் அந்தப் பிரிவில் யார் மாட்டினார்கள் தெரியுமா? சிறுகதை எழுதிய ஒரு சிங்கள எழுத்தாளர் நான்கு மாதத்துக்கு மேல் விளக்கமறியலில் இருந்தார். ஹசலக்கவில் கப்பல் சுக்கான் சக்கரம் அச்சிட்ட சட்டை அணிந்த ஒரு முஸ்லிம் பெண்ணை, அது பௌத்தர்களின் தர்மச்சக்கரம் என்று சொல்லிப் பிடித்துக்கொண்டு போனார்கள். உரிமைகளைக் காக்க வந்த சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு!

இதையெல்லாம் தெரிந்தும் முறைப்பாடு எழுத வருபவர்களை நான் திருப்பி அனுப்புவதில்லை. குழு தமிழிலோ சிங்களத்திலோ முறைப்பாடு எடுக்காது, எங்களுக்கு வழி ஆங்கிலம்தான். போன வருடம் கிழக்கிலிருந்து ஒரு அம்மா வந்தார். அவர் சொன்னதை ஆங்கிலமாக்கி, மறுபடி தமிழில் வரிவரியாக வாசித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் "அப்படி இல்லை தம்பி" என்று நிறுத்தினார். திருத்தினேன். சத்தியக்கடதாசியின் முடிவில் 'தமிழில் வாசித்து விளங்கப்படுத்தப்பட்டது' என்ற வரியையும் தட்டச்சு செய்து, அதையும் வாசித்துக் காட்டிய பிறகுதான் மைத்தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன்.