டர்பனுக்கு வரும் தம்பிக்கு: வீட்டு இன்டர்நெட் பற்றி

தம்பி, அடுத்த மாதம் குடும்பத்தோடு டர்பன் வருவதாகவும், உம்லாங்கா பக்கம் வாடகை வீடு பார்ப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். வீட்டிலிருந்துதான் வேலை, எந்தக் கம்பெனி இன்டர்நெட் நல்லது, வரும் முன்பே புக் பண்ணிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு எதையும் புக் பண்ண வேண்டாம். முதலில் வீடு முடிவாகட்டும்.

சென்னையில் ஏர்டெல்லைக் கூப்பிட்டால் கேபிளும் அவர்களுடையது, பில்லும் அவர்களுடையது. இங்கே தென்னாப்பிரிக்காவில் தெருவில் ஃபைபர் புதைத்தவர் ஒருவர், மாதாமாதம் காசு வாங்குபவர் இன்னொருவர். வூமாடெல், ஓப்பன்சர்வ், ஃப்ராக்ஃபுட் எல்லாம் லைன்காரர்கள். ஆஃப்ரிஹோஸ்ட், வெப்ஆஃப்ரிக்கா, எம்வெப் போன்றவர்கள் அந்த லைன் மேல் சேவை விற்பவர்கள். ஒரே லைனில் பல கம்பெனிகள் விற்கும். கம்பெனி பிடிக்கவில்லை என்றால் நோட்டீஸ் கொடுத்துவிட்டு இன்னொன்றுக்கு மாறலாம். லைனை அப்படி மாற்ற முடியாது, வாசலில் எது வந்திருக்கிறதோ அதுதான். நீங்கள் பார்க்கும் பகுதியில் கேட் போட்ட காம்ப்ளெக்ஸ் நிறைய. உள்ளே எந்த லைன் வரலாம் என்பதை பாடி கார்ப்பரேட் முடிவு செய்யும், நம்ம ஊர் அப்பார்ட்மென்ட் அசோசியேஷன் போல. வீட்டுக்காரரே அவர்களைக் கேட்டுத்தான் சுவரில் ஓட்டை போடுவார்.

அதனால் வீடு பார்க்கப் போகும்போது தண்ணீர்க் குழாயைத் திருகிப் பார்ப்பதோடு, ஹால் சுவரில் தரையோடு ஒட்டி ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி இருக்கிறதா என்றும் பாருங்கள். ஃபைபர் வந்து முடியும் இடம் அது. பெரும்பாலும் லைன்காரர் பெயரும் ஒரு நம்பரும் ஒட்டியிருக்கும், போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டி இருந்தால் பாதி வேலை முடிந்தது. பிறகு லைன் போனாலும் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். LOS என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தால் கேபிளில் கோளாறு, ரவுட்டரைப் பத்துத் தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினாலும் ஒன்றும் ஆகாது.

இன்னொரு சிக்கல் உண்டு. எங்கள் காம்ப்ளெக்ஸுக்குக் கோயம்புத்தூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. சுவரில் பெட்டி, ரவுட்டர் வைக்க ஸ்டாண்ட், எல்லாம் தயார். ஆனால் முன்பு குடியிருந்தவர் தன் கணக்கை கேன்சல் செய்யாமலே ஆஸ்திரேலியா போய்விட்டார். லைன் அவர் பேரில் ஓடிக்கொண்டிருக்கும்வரை புதுக் கம்பெனி அதைத் தொட முடியாது. ஏஜென்ட் அவரைத் தேடிப் பிடிக்கும்வரை இவர்கள் மொபைல் டேட்டாவில்தான் ஓட்டினார்கள். லீஸில் கையெழுத்துப் போடும் முன்பே ஏஜென்டிடம், பழைய கனெக்‌ஷன் கேன்சல் ஆகிவிட்டதா என்று ஈமெயிலில் கேளுங்கள். வாய்வார்த்தை போதாது.

மொபைல் டேட்டாவை நம்பி இருந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். நம்ம ஊர் விலை பழகியவருக்கு இங்கே மயக்கமே வரும். 2020 ஏப்ரலில் வோடாகாம் என்ற மொபைல் கம்பெனி 1 ஜிபி மாத பண்டிலை 149 ராண்டிலிருந்து 99 ராண்டாகக் குறைத்ததே பெரிய செய்தி. அதுவும் வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் அரசின் போட்டி ஆணையம் அழுத்தம் கொடுத்த பிறகுதான். முதல் சில வாரங்களுக்கு ஒரு சிம் வாங்கிக்கொள்ளுங்கள். சிம்மைப் பதிவு செய்யச் சொல்லும் ரிகா சட்டப்படி பாஸ்போர்ட்டும் முகவரிச் சான்றும் கேட்பார்கள். ஹோட்டலிலோ நண்பர் வீட்டிலோ இறங்கினால் அவர்களிடம் ஒரு கடிதம் வாங்கி வையுங்கள்.

ஒப்பந்தம் என்று வந்தால் மாதாமாதம் புதுப்பிக்கும் பிளானையே எடுங்கள். 24 மாதக் கான்ட்ராக்டுக்குக் கடன் வரலாறு பார்ப்பார்கள், புதிதாக வந்தவருக்கு அது இருக்காது. யாராவது தலையில் கட்டிவிட்டாலும், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 20 வேலை நாள் நோட்டீஸ் கொடுத்து வெளியே வரலாம், ஆனால் நியாயமான ஒரு கட்டணம் போடுவார்கள். மாத பிளானிலும் ஒரு பொடி எழுத்து உண்டு. இன்ஸ்டாலேஷன் இலவசம், ரவுட்டர் இலவசம் என்பார்கள். குறிப்பிட்ட மாதங்களுக்குள் கிளம்பினால் அந்தக் காசைத் திருப்பிக் கேட்பார்கள். க்ளாபேக் என்று எழுதியிருக்கும். அந்த ஒரு பத்தியை மட்டும் நிதானமாகப் படியுங்கள். பணம் டெபிட் ஆர்டராக, அதாவது மாதாமாதம் அக்கவுன்டிலிருந்து தானாகவே போகும், அன்று அக்கவுன்டில் பணம் இல்லாவிட்டால் பேங்க் தனியாக அபராதம் போடும்.

வேகம் பற்றி ரொம்ப யோசிக்க வேண்டாம். இரண்டு பேர் வேலை, பிள்ளைகள் படிப்பு என்றால் 50 எம்பிபிஎஸ் (Mbps) தாராளம். அப்லோட் எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள், 50 என்று விற்பதில் அது பாதியாகவும் இருக்கலாம். சாட்டிலைட் வழியாக வரும் ஸ்டார்லிங்க் இன்டர்நெட் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2025 வரை இங்கே அதற்கு உரிமம் கிடைக்கவில்லை, நிறவெறிக் காலத்தில் ஒதுக்கப்பட்டவர்களுக்கு 30 சதவீதப் பங்கு தர வேண்டும் என்ற விதியில் இழுபறி.

அப்புறம் கரண்ட். 2023 மாதிரி லோட் ஷெட்டிங் இப்போது இல்லை. 2024 மார்ச் கடைசியிலிருந்து பத்து மாதம் ஒரு நாள்கூட லோட் ஷெட்டிங் இல்லை, 2025 தொடக்கத்தில்தான் மறுபடி தலைகாட்டியது. ஆனால் தெரு டிரான்ஸ்ஃபார்மர் போவது, கேபிள் திருட்டு இதெல்லாம் இருக்கவே இருக்கிறது. வெள்ளைப் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் சேர்த்து ஒரு மினி யுபிஎஸ் வாங்கி வைத்தால் வேலை நிற்காது. நீண்ட நேரம் கரண்ட் போனால் செல் டவரின் பேட்டரி தீர்ந்து மொபைல் விழுந்துவிடும், ஃபைபர் பல நேரம் ஓடிக்கொண்டிருக்கும்.

ஊரிலிருந்து எக்ஸ்டென்ஷன் போர்டு கொண்டு வராதீர்கள். இங்கே சாதாரண பிளக்கே நம்ம ஏசி பிளக் அளவுக்குத் தடிமனான மூன்று உருண்டைக் கம்பி. வீட்டு முகவரி கிடைத்ததும் எழுதுங்கள், அங்கே எந்த லைன் என்று பார்த்துச் சொல்கிறேன்.