ஜூபாவில் வேலை: சம்பளம் டாலரிலா, பவுண்டிலா?

கேள்வி: என் கணவருக்கு வயது 42. ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறார். தென் சூடான் தலைநகர் ஜூபாவில் தெரிந்தவர் ஒருவர் ஓட்டல் நடத்துகிறார். கணக்குப் பார்க்க இவரை அழைக்கிறார். தங்கும் இடம், சாப்பாடு போக மாதம் 1,200 டாலர் மதிப்புக்கு உள்ளூர் பணத்தில் சம்பளம். 5 லட்சம் போட்டால் ஓட்டலில் பங்கும் உண்டாம். என் நகையை அடகு வைக்கலாமா என்று யோசிக்கிறோம். காட்பாடி வீட்டுக்கு மாதம் ₹18,500 தவணை போகிறது. துணிந்து போகலாமா?
- ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: நகையை எடுக்காதீர்கள் அம்மா. வேலையைப் பற்றிப் பேசலாம். பங்கு வேண்டவே வேண்டாம்.

2016 ஜூலையில் ஜூபாவில் சண்டை மூண்டபோது, நம் விமானப் படை போய் இந்தியர்களை அழைத்து வந்தது. அப்படி ஒரு நாள் வந்தால் உங்கள் கணவர் கிளம்பி வந்துவிடலாம். ஓட்டலில் போட்ட 5 லட்சம் வராது. அடகு வட்டி மட்டும் இங்கே ஓடிக்கொண்டிருக்கும்.

சரி, சம்பளத்துக்கு வருவோம். உள்ளூர் பணத்தில் தருவதுதான் எனக்கு உறுத்துகிறது. தென் சூடான் 2011 ஜூலை 9 அன்று சுதந்திரம் பெற்றது. அதே மாதம் சொந்தப் பவுண்டு நோட்டையும் புழக்கத்தில் விட்டது. பிரிவதற்கு முன் சூடான் எடுத்த எண்ணெயில் முக்கால் பங்கு இவர்கள் பக்கம் வந்தது. அரசு வருமானம் பெரும்பாலும் அதிலிருந்துதான். ஆனால் கடற்கரை கிடையாது. எண்ணெய் சூடான் வழியாகக் குழாயில் போய்த்தான் கப்பலேற வேண்டும். ஊருக்கே ஒரு போர்வெல், அதன் குழாயும் சண்டைக்காரப் பங்காளியின் நிலத்தில் போகிறது என்றால் எப்படி இருக்கும், அப்படி. கட்டணத் தகராறில் 2012 ஜனவரியில் எண்ணெய் எடுப்பதையே நிறுத்தினார்கள். ஒரு வருடத்துக்கு மேல் நின்றது. 2013 டிசம்பரில் உள்நாட்டுப் போர். 2024 பிப்ரவரியில், சூடானில் போர் நடக்கும்போது முக்கியக் குழாய் உடைந்தது. அரசு ஊழியர்களுக்கு மாதக்கணக்கில் சம்பள பாக்கி.

சாப்பாட்டுச் சாமான், சோப்பு என்று பலதும் உகாண்டா, கென்யா வழியாக லாரியில் வருகிறது. அதற்கு டாலர் வேண்டும். எண்ணெய் நின்றால் டாலர் நிற்கும், பவுண்டு விழும்.

எவ்வளவு விழும் என்று பாருங்கள். 2015 டிசம்பர் வரை அரசு வைத்த விலை டாலருக்கு 2.95 பவுண்டு. அந்தக் கணக்கில் 1,200 டாலர் என்றால் 3,540 பவுண்டு. அந்த மாதம் கட்டுப்பாட்டை எடுத்ததும் டாலர் சுமார் 18.5 பவுண்டுக்குப் போனது. அதே 3,540 பவுண்டுக்கு அதன்பின் 191 டாலர்தான். அன்றைய 66 ரூபாய் விலையில், 79,000 ரூபாய்ச் சம்பளம் 12,600 ஆகிவிட்டது. சம்பளச் சீட்டில் எண் மாறியிருக்காது. ஆனால் உங்கள் வீட்டுத் தவணைக்கே போதாது. 2024-ல் டாலர் ஆயிரம் பவுண்டைத் தாண்டியது.

டாலர் மதிப்புக்குத்தானே தருகிறார், பவுண்டு விழுந்தால் கூட்டித் தருவாரே என்பீர்கள். எந்த விலைக்குக் கூட்டுவார்? அரசு 2.95 என்று சொல்லிக்கொண்டிருந்த 2015-லேயே வெளிச்சந்தையில் டாலர் அதைப்போல் பல மடங்குக்கு விற்றது. முதலாளி அரசு விலையில் கணக்குப் போட்டுக் கொடுத்தால், உங்கள் கணவர் வெளி விலைக்கு டாலர் வாங்கி அனுப்ப வேண்டியிருக்கும். பவுண்டாகவே கொண்டுவந்தாலும் பயனில்லை. வெளிநாட்டு நோயாளிகள் வந்து போகும் வேலூர் காந்தி ரோட்டில்கூட அதை மாற்றித் தர ஆள் கிடைப்பது கஷ்டம்.

எல்லாப் புது நாடும் இப்படி இல்லை. 2002-ல் விடுதலை பெற்ற கிழக்குத் திமோர் அமெரிக்க டாலரையே தன் பணமாக வைத்துக்கொண்டது. எண்ணெய், எரிவாயு வருமானத்துக்கு 2005-ல் தனி நிதியும் தொடங்கியது. அங்கே வேறு கவலைகள் உண்டு, இந்தக் கவலை இல்லை. தென் சூடான் மக்களை நினைத்தால் மனசு கனக்கிறது. ஜூபா சந்தையில் காய் விற்கும் பெண்ணால் டாலரில் விலை கேட்க முடியாது. உங்கள் கணவரால் சம்பளத்தை டாலரில் கேட்க முடியும். கேட்கட்டும்.

சம்பளம் அமெரிக்க டாலரில் என்றும், அதில் 900 டாலராவது மாதாமாதம் நேராக இந்திய வங்கிக் கணக்குக்கு வரவேண்டும் என்றும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். திரும்பி வர விமானச் செலவு முதலாளியுடையது என்பதும் அதில் இருக்கட்டும். அவர் கிளம்பியபின் வங்கியில் என்ஆர்இ கணக்கு, அதாவது வெளிநாட்டில் வாழும் இந்தியர் (என்ஆர்ஐ) அங்கே சம்பாதித்ததைப் போட்டு வைக்கும் கணக்கு, தொடங்குங்கள். என்ஆர்ஐயாக இருக்கும்வரை அதன் வட்டிக்கு இங்கே வரி இல்லை. இப்போதுள்ள சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ, அதாவது என்ஆர்ஐயின் இந்திய வருமானத்துக்கான கணக்கு, ஆக மாற்ற வேண்டும். டெர்ம் இன்சூரன்ஸ் இருந்தால், எந்த நாட்டுக்குப் போகிறார் என்று நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். கிளம்பும் முன் ஆறு மாதத் தவணை, அதாவது ₹1,11,000, உங்கள் பெயரில் தனியாக இருக்க வேண்டும். டாலரில் தர முடியாது என்று முதலாளி சொன்னால், ராணிப்பேட்டை வேலையை விட வேண்டாம்.