மட்குக் குவியலில் கண்டது பாம்பல்ல

கேள்வி: பிரிட்டனில் ஒரு அலாட்மென்ட் நிலத்தில், அதாவது தோட்டம் போட வாடகைக்குக் கிடைக்கும் சிறு நிலத்துண்டில், காய்கறி பயிரிடுகிறேன். ஆகஸ்ட் கடைசியில் மட்குக் குவியலைக் கிளறியபோது பித்தளை நிறத்தில், ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான நீளத்தில், பாம்பு போன்ற ஒன்று வெளிவந்தது. பதறிப்போய் மண்வெட்டியால் தட்டிவிட்டேன். வால் துண்டாகித் தனியே துள்ளியது. உடல் குவியலுக்குள் நுழைந்து மறைந்துவிட்டது. இரண்டு நாள் கழித்து எங்கள் பூனை அதே போன்ற சிறியது ஒன்றைக் கவ்வி வந்தது. கோழிகளும் ஒன்றைக் கொத்தி இழுத்தன. இது விஷமுள்ளதா? குவியலை முழுவதும் அகற்றிவிடலாமா?

பதில்: முதலில் மண்வெட்டியைக் கீழே வையுங்கள். நீங்கள் அடித்தது உங்கள் தோட்டத்தில் கூலி வாங்காமல் வேலை செய்யும் ஆளை. அது காலில்லாத பல்லி. அங்கே ஸ்லோ வர்ம் என்கிறார்கள். பெயரில் புழு இருந்தாலும் அது புழுவல்ல, பாம்பும் அல்ல. இந்தக் குழப்பம் உங்களுக்கு மட்டும் வந்ததில்லை. 1758இல் லின்னேயஸ் அதற்கு வைத்த அங்குவிஸ் ஃப்ராஜிலிஸ் என்ற லத்தீன் பெயருக்கே 'எளிதில் உடையும் பாம்பு' என்றுதான் பொருள். உடையும் என்றது சரி. அதை நீங்களே பார்த்துவிட்டீர்கள்.

அடுத்த முறை கண்டால் ஒரு நிமிடம் நின்று கண்ணைப் பாருங்கள். இமைக்கிறதென்றால் பல்லி, ஏனென்றால் பாம்புக்கு இமை கிடையாது. தலைக்கும் உடலுக்கும் நடுவே கழுத்தென்று தனியாகத் தெரியாது. மேனி எண்ணெய் பூசித் துடைத்ததுபோல் மின்னும். பிரிட்டனில் இயற்கையாக வாழும் ஒரே விஷப்பாம்பு ஆடர் என்னும் விரியன். அதன் முதுகில் கறுப்பாக வளைந்து நெளிந்து ஓடும் கோடு இருக்கும். நீங்கள் எழுதிய பித்தளை நிறமும், அறுந்து துள்ளிய வாலும் ஆடருக்குப் பொருந்தவே பொருந்தாது. விஷம் பற்றிய பயத்தை விட்டுவிடுங்கள். 'அரணை கடித்தால் மரணம்' என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். அந்த அரணைக்கே விஷம் இல்லை, அதன் தூரத்து உறவான இதற்கு எங்கிருந்து வரும்? கையில் எடுத்தால் நாற்றமடிக்கும் எச்சத்தைக் கழிக்கும், அவ்வளவுதான்.

பயிருக்குத் தீங்கா என்றால் நேர் எதிர். கீரை நாற்றையும் முட்டைக்கோஸ் குருத்தையும் இரவோடு இரவாக மொட்டையடிக்கும் ஓடில்லா நத்தைகள்தான், அதிலும் சிறியவைதான், இதன் முக்கிய உணவு. மண்புழுவையும் தின்னும், அதற்காக வருந்த வேண்டாம், மட்குக் குவியலில் மண்புழுவுக்கா பஞ்சம்?

அறுந்த வாலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். முழுதாக இருக்கும் ஸ்லோ வர்மின் நீளத்தில் பாதிக்கு மேல் வால்தான். எதிரி பிடித்ததும் அதைக் கழற்றிவிடும். துள்ளும் வாலின் மேல் எதிரியின் கவனம் போகும்; உடல் தப்பிவிடும். ஆனால் அந்தத் தந்திரத்துக்கு விலை உண்டு. குளிர்காலத்துக்கான கொழுப்பில் ஒரு பங்கு வாலில்தான் சேமிப்பாக இருக்கிறது. அக்டோபரில் உறங்கப் போய் மார்ச் வாக்கில் எழும் பிராணிக்குச் செப்டம்பருக்குச் சற்று முன் அந்தச் சேமிப்பு போனது சிறிய இழப்பல்ல. வால் மறுபடி வளரும், ஆனால் பழைய நீளத்துக்கு வராது; மொட்டையாக நின்றுவிடும்.

பூனை கவ்வி வந்த சிறியது பெரும்பாலும் இந்த ஆண்டுக் குட்டியாக இருக்கும். இது வெளியே முட்டையிடுவதில்லை; கோடை முடிவில் சராசரியாக எட்டுக் குட்டிகளை ஈனும். விரல் நீளத்தில், பொன் நிறத்தில், முதுகில் ஒரு மெல்லிய கறுப்புக் கோட்டுடன் இருக்கும். அது வளர்ந்து இனப்பெருக்கத்துக்கு வர மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் ஆகும். நீண்ட ஆயுள் கொண்டது; கோபன்ஹேகன் விலங்கியல் பூங்காவில் ஒன்று 54 ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறது. மெதுவாகப் பெருகி நீண்ட நாள் வாழும் இத்தகைய பிராணிக் கூட்டத்தை ஒரே பூனை சில கோடைகளில் துடைத்துவிடும்.

இதைத் தின்பவை வேறு பலவும் உண்டு: முள்ளெலி, வளை தோண்டி வாழும் பேட்ஜர் என்னும் விலங்கு, காகம், பருந்து, ஏன் அந்த ஆடரும்கூட. அவற்றோடு நீங்கள் சண்டைக்குப் போகாதீர்கள். முள்ளெலி ஒன்றைத் தின்றால் அதுவும் உங்களுக்காக நத்தை பிடிக்கும் வேலையாள்தான். அந்தக் கணக்கை அவை தமக்குள் தீர்த்துக்கொள்ளட்டும். பூனையும் கோழியும் அப்படியல்ல. அவற்றைக் கொண்டுவந்தது நீங்கள், தீனி போடுவதும் நீங்கள். பசியில்லாமலும் பிடிக்கும் பூனைக்கு நீங்கள்தான் பொறுப்பு.

ஸ்லோ வர்ம் பெரும்பாலும் ஏதாவது ஒன்றின் அடியில் கிடந்தே உடலைச் சூடேற்றிக்கொள்ளும். எனவே வெயில் படும் இடத்தில் நெளித் தகடு ஒன்றைத் தரையோடு போட்டு, அதன் மேல் கம்பிவலையை விரித்து ஓரங்களைக் கல் வைத்து அழுத்துங்கள். விரல் நுழையும் கண்ணுள்ள வலை போதும். பல்லி போய்வரும், பூனையின் பாதம் நுழையாது. வேலியோரம் ஓரடி அகலத்துக்குப் புல்லை வெட்டாமல் விடுங்கள். மொட்டையாக வெட்டிய புல்வெளியைக் கடக்கும்போதுதான் அதிகம் மாட்டிக்கொள்கின்றன. கோழிகளைக் குறைந்தது அக்டோபர் வரை மட்குக் குவியல் பக்கம் விடாதீர்கள். விரல் நீளக் குட்டி, கோழியின் கண்ணுக்கு வெறும் புழு.

குவியலை இப்போது தொடவே கூடாது. குட்டிகள் அதில் இருக்கக்கூடும்; குளிர்காலத்தில் அதற்குள்ளேயே உறங்கவும் செய்யலாம். உரம் எடுக்க வேண்டுமென்றால் ஏப்ரல் கடைசி அல்லது மே மாதம், கதகதப்பான நாளாகப் பார்த்து, மேலிருந்து அடுக்கடுக்காகக் கையால் எடுங்கள். புதிய கழிவுக்குப் பக்கத்திலேயே இன்னொரு குவியல் தொடங்கிக்கொள்ளுங்கள். நத்தை மருந்து கைவசம் இருந்தால் உறையைப் பாருங்கள்: மெட்டால்டிஹைடு என்று இருந்தால் அதைத் தூவாதீர்கள். அந்த மருந்தைத் திறந்த வெளியில் பயன்படுத்துவது கிரேட் பிரிட்டனில் 2022 ஏப்ரல் முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1981ஆம் ஆண்டின் வனவிலங்கு மற்றும் நாட்டுப்புறச் சட்டப்படி ஸ்லோ வர்மை வேண்டுமென்றே கொல்வதும் காயப்படுத்துவதும் குற்றம். பதற்றத்தில் நடந்ததற்காக உங்களைக் குறை சொல்லவில்லை, தெரிந்தபின் செய்யாதீர்கள்.

பூனை மறுபடி ஒன்றை உயிரோடு கொண்டுவந்தால், வாலைப் பிடிக்காமல் இரு கைகளாலும் ஏந்தி எடுங்கள். வால் மட்டும் போயிருந்தால் தகட்டுக்கு அடியிலேயே விட்டுவிடலாம். உடலில் பல் பதிந்த காயம் இருந்தால் காற்றோட்டமுள்ள பெட்டியில் ஈரமான இலைச்சருகு போட்டு வைத்து, வனவிலங்கு மீட்பு மையம் ஒன்றைக் கூப்பிடுங்கள். பூனையின் எச்சிலால் சீழ் பிடிப்பது வழக்கம். பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

வரும் மே மாதம் குவியலைத் திறக்கும்போது மொட்டை வாலோடு ஒன்று சுருண்டு கிடந்தால், அது உங்கள் மண்வெட்டிக்குத் தப்பியதாகத்தான் இருக்கும். மேலே ஒரு கைப்பிடிச் சருகைப் போட்டு மூடிவிடுங்கள்.