டர்போ காருக்கு எத்தனை இன்ச் எக்ஸாஸ்ட்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

போலோ 1.0 டிஎஸ்ஐ வைத்திருக்கிறேன். 3 இன்ச் போட்டால்தான் டர்போ மூச்சுவிடும் என்கிறார் ஒர்க்‌ஷாப்காரர். பேக் பிரஷர் (வெளியேறும் புகைக்குக் குழாய் தரும் எதிர் அழுத்தம்) போய்விட்டால் லோ-எண்டில் (குறைந்த ஆர்.பி.எம்.மில்) இழுவையே இருக்காது என்கிறார் நண்பர். யாரை நம்புவது?
– கோவை வாசகர்

நண்பர் பேசுவது டர்போ இல்லாத என்ஜினைப் பற்றி. அங்கே ஒரு சிலிண்டரிலிருந்து வேகமாகக் கிளம்பும் புகை, தனக்குப் பின்னால் ஒரு தாழ்வழுத்தத்தை விட்டுச் செல்லும். அது அடுத்த சிலிண்டரின் புகையையும் சேர்த்து இழுக்கும். குழாயை அளவுக்கு மீறி அகலமாக்கினால் வேகம் குறைந்து அந்த உதவி போய்விடும். இதைத்தான் ‘பேக் பிரஷர் போச்சு’ என்று சொல்லிச் சொல்லிப் பழக்கிவிட்டார்கள். உண்மையில் எதிர் அழுத்தத்தால் எந்த என்ஜினுக்கும் லாபம் கிடையாது.

டர்போ என்பது, புகையால் சுற்றும் டர்பைனைக் கொண்டு என்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தும் கருவி. டர்போ காரில் புகையின் அந்தத் துடிப்பு பெரும்பாலும் டர்பைனிலேயே அடங்கிவிடுகிறது. டர்பைனைச் சுற்ற வைப்பது அதன் முன்பக்க, பின்பக்க அழுத்தங்களுக்கு இடையிலான விகிதம். பின்பக்கம் எவ்வளவு லேசாக இருக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் பூஸ்ட் (டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம்) எழும். ஆகவே டர்போவுக்குப் பின்னால் குழாய் அகலமானால் லோ-எண்ட் போகாது. கொஞ்சம் கூடவே செய்யும்.

அதனால் 3 இன்ச் போடலாமா என்றால், அதுவும் வேண்டாம். பழைய கைக்கணக்கு ஒன்று இருக்கிறது. ஒரு எச்.பி.க்கு நிமிடத்துக்கு 2.2 கன அடி புகை. குழாயின் உள் குறுக்குவெட்டுப் பரப்பில் ஒவ்வொரு சதுர இன்ச்சும் 115 கன அடியைச் சிரமமில்லாமல் கடத்தும். அதன்படி, வெளி அளவைச் சொன்னால், 2 இன்ச் குழாய் சுமார் 144 எச்.பி. வரை தாங்கும், 2.25 இன்ச் 185 வரை, 2.5 இன்ச் 230 வரை, 3 இன்ச் கிட்டத்தட்ட 340 வரை. தாராளமாக இடம் விட்டுப் போட்ட கணக்கு இது. தாண்டினால் கார் நின்றுவிடாது, நெருக்கடி தொடங்கும், அவ்வளவுதான்.

உங்கள் கார் கம்பெனியிலிருந்து வரும்போது 110 பி.எஸ். அதே டர்போவில் ரீமேப் (என்ஜின் கணினியின் மென்பொருளை மாற்றுவது) செய்தாலும் 140ஐத் தாண்டுவது கடினம். 2.25 இன்ச் போதும், பெரிய மனது வைத்தால் 2.5. அதற்கு மேல் போடுவது எடை, சத்தம், ஸ்பீடு பிரேக்கரில் உரசல், இந்த மூன்றுக்கும் காசு கொடுப்பதுதான்.

இன்னொன்று. இந்தக் கார்களின் ஈசியு (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) ‘இவ்வளவு டார்க் (முறுக்கு விசை)’ என்று இலக்கு வைத்துத்தான் பூஸ்டைக் கட்டுப்படுத்துகிறது. வழி லேசானதும் அது வேஸ்ட்கேட்டை (டர்பைனைச் சுற்றவிடாமல் புகையை வேறு வழியில் விடும் கதவு) அதற்கேற்பத் திறந்துவிட்டு அதே டார்க்கில் நிற்கும். ரீமேப் இல்லாமல் குழாயை மட்டும் மாற்றினால் காதுக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

இப்போது காரில் இருக்கும் குழாய் எத்தனை இன்ச் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கடைக்காரர் சொல்வதை நம்பலாமா?
– சேலம் வாசகர்

நூல் போதும். வண்டி நன்றாக ஆறிய பிறகு, நேராக ஓடும் பகுதியில் ஒரு சுற்று சுற்றி, நூல் சேரும் இடத்தில் பேனாவால் கோடு போட்டு அளந்து பாருங்கள். 160 மி.மீ. வந்தால் 2 இன்ச், 180 என்றால் 2.25, 200 என்றால் 2.5, 240 என்றால் 3. இது வெளி அளவு. தகட்டின் கனம் போக உள்ளே மூன்று மி.மீ. குறையும்.

ஓர் இடத்தோடு நிறுத்தாதீர்கள். வளைவுகளிலும் அளக்க வேண்டும். சாதாரண பெண்டிங் மெஷினில் வளைத்த குழாய் முட்டியில் நசுங்கி, 2.5 இன்ச் என்று வாங்கியது அங்கே 2 இன்ச்சுக்கு வந்திருக்கும். மேண்ட்ரல் பெண்ட் (குழாய்க்குள் தாங்கு கம்பி வைத்து வளைப்பது) என்றால் வளைவிலும் வட்டம் மாறாது. மஃப்ளருக்குள் டார்ச் அடித்து ஓட்டைக் குழாயின் அகலத்தையும் பாருங்கள். மிகக் குறுகலான இடம் எதுவோ அதுதான் உங்கள் எக்ஸாஸ்டின் அளவு. வாலில் மினுங்கும் நான்கு இன்ச் டிப்பைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள்.

ஆக்டேவியா 1.8 டிஎஸ்ஐ. ஸ்டேஜ் 2 (எக்ஸாஸ்ட் மாற்றத்தோடு சேர்ந்த ரீமேப்) போக ஆசை. டவுன்பைப் முதலா, கேட்-பேக் முதலா? முழுக்க 3 இன்ச் வேண்டுமா?
– மதுரை வாசகர்

டவுன்பைப், அதாவது டர்போவிலிருந்து இறங்கும் முதல் குழாய். கேட்-பேக் என்பது, புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் வரும் பகுதி. டர்பைனை விட்டு வெளியே வரும் புகைதான் இருப்பதிலேயே சூடானது, ஆகவே அதிக இடம் கேட்பது. அங்கே 700 டிகிரி இருக்கும் புகை வாலுக்குப் போகும்போது 350க்கு இறங்கினால், கனஅளவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கிவிடும். முதல் ஒரு மீட்டரில் நெருக்கிவிட்டுப் பின்னால் அகலம் கொடுப்பது வீண்செலவு. டவுன்பைப் 3 இன்ச், அதற்குப் பின் 2.5 இன்ச். உங்கள் பவருக்கு இது தாராளம், பின்பக்க ஆக்ஸில் மேலே இடமும் கிடைக்கும்.

கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றச் சொன்னால் மறுத்துவிடுங்கள். 200 செல் (சதுர இன்ச்சுக்கு 200 துளை) ஸ்போர்ட்ஸ் கேட் போட்டாலே பெரும்பகுதி தடை நீங்கிவிடும். அதற்கும் ஈசியு முறைத்துக்கொண்டு கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று பி0420 கோடு காட்டலாம், ரீமேப் செய்பவரிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

கேட்காத கேள்விக்கும் ஒரு பதில்: உங்கள் காரில் இருக்கும் 7 கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், உலர் கிளட்ச் டிகியூ200. அதன் வரம்பு 250 என்.எம். கம்பெனி டியூனே அந்த எல்லையில்தான் நிற்கிறது. குழாய்க்குச் செலவழிக்கும் முன் கிளட்சுக்கு ஒரு தொகையை ஒதுக்கி வையுங்கள்.

புரோட்டான் வீராவில் 4ஜி93டி என்ஜின் மாற்றியிருக்கிறேன். 3 இன்ச் போட்ட பிறகு 0.9 பாரில் நிற்க வேண்டிய பூஸ்ட், 5000 ஆர்.பி.எம்.முக்கு மேல் தானாக 1.2க்கு ஏறுகிறது. பூஸ்ட் கண்ட்ரோலர் பழுதா?
– கிள்ளான் வாசகர், மலேசியா

கண்ட்ரோலர் மேல் பழி போடாதீர்கள். இதற்குப் பெயர் பூஸ்ட் கிரீப். முன்பு குறுகிய குழாயே டர்போவை ஓரளவு அடக்கி வைத்திருந்தது. இப்போது டர்பைன் வழி லேசாகிவிட்டதால் புகை அந்தப் பக்கமே பாய்கிறது. உள்ளே இருக்கும் சின்ன வேஸ்ட்கேட் முழுதாகத் திறந்தாலும் போதுமான அளவைத் திசைதிருப்ப முடியவில்லை.

உறுதிப்படுத்த எளிய வழி: கண்ட்ரோலரைக் கழற்றிவிட்டு ஹோஸை நேராக, வேஸ்ட்கேட்டைத் திறக்கும் ஆக்சுவேட்டருக்குக் கொடுத்து ஓட்டுங்கள். அப்போதும் மேல் ஆர்.பி.எம்.மில் பூஸ்ட் ஏறிக்கொண்டே போனால் கிரீப்தான். ஸ்பிரிங்கை இளக்கிப் பயனில்லை. கதவு ஏற்கெனவே முழுக்கத் திறந்துதான் இருக்கிறது. டர்போவைக் கழற்றி வேஸ்ட்கேட் துளையை அகலப்படுத்த வேண்டும். அப்போதே, டவுன்பைப்பின் வாய் வேஸ்ட்கேட் மடல் முழுதாகத் திறப்பதைத் தடுக்கிறதா என்று பாருங்கள், அங்கே முட்டிய தழும்பு இருக்கும். அதுவரை முழு திராட்டில் மிதிக்காதீர்கள். கூடுதல் பூஸ்டுக்கு ஏற்ற பெட்ரோல் போகாவிட்டால் பிஸ்டன் போய்விடும்.

ஸ்விஃப்ட் டீசல். சைலன்சரை எடுத்துவிட்டு நேர்க்குழாய் போட்டால் மைலேஜ் கூடுமாமே?
– ஈரோடு வாசகர்

கூடாது. 80 கி.மீ. வேகத்தில் சீராகப் போகும்போது என்ஜின் தன் சக்தியில் சிறு பகுதியைத்தான் செலவழிக்கிறது. அந்த நேரத்தில் குழாயில் தடை என்று சொல்லும்படி ஒன்றுமே இல்லை. ஏர் ஃபில்டரையும் இன்டர்கூலர் ஹோஸில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்பதையும் பார்த்தால் நாலு காசு மிஞ்சும். டிபிஎஃப் (புகையின் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) உள்ள பி.எஸ்.6 டீசல்காரர்கள் இந்த யோசனைப் பக்கமே போக வேண்டாம்.

எக்ஸாஸ்ட் மாற்றியதிலிருந்து ஹைவேயில் 2400 ஆர்.பி.எம். பக்கம் கேபினுக்குள் ‘ம்ம்ம்’ என்று ஒரே ரீங்காரம். வீட்டில் யாரும் ஏற மறுக்கிறார்கள். குழாயைச் சிறிதாக்கினால் சரியாகுமா?
– திருநெல்வேலி வாசகர்

முதலில் வண்டியைத் தூக்கிக் குழாய்க்கும் பாடிக்கும் நடுவே விரல் நுழைகிறதா பாருங்கள். ஹேங்கர் ரப்பர் இழுத்துக்கொண்டு குழாய் எங்காவது உரசினாலும் இதே சத்தம்தான் வரும்.

உரசல் இல்லையென்றால் ஒத்ததிர்வு. நான்கு சிலிண்டர் என்ஜின் 2400 ஆர்.பி.எம்.மில் நொடிக்கு 80 முறை வெடிக்கிறது. அந்த 80 ஹெர்ட்ஸ் கேபினோடு சேர்ந்து அதிர்கிறது. அளவைக் குறைத்து இதை நீக்குவது நிச்சயமில்லை. நடுவில் நீளமான ரெசொனேட்டர் (ரீங்காரத்தை அடக்கும் பெட்டி) ஒன்று வைத்துப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால், முனை அடைத்த கிளைக்குழாய் ஒன்றைப் பக்கவாட்டில் பற்ற வைக்கலாம். 80 ஹெர்ட்ஸுக்கு அதன் நீளம் சுமார் ஒன்றரை மீட்டர் வரும்; வளைத்துத்தான் பொருத்த வேண்டியிருக்கும்.

போலீஸ் பிடிப்பார்களா?
– சென்னை வாசகர்

பிடிக்கலாம். சத்தம், புகை இரண்டுக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவு. 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம், லைசென்சும் மூன்று மாதத்துக்குப் போகும். வண்டியில் விதியை மீறி மாற்றம் செய்தால் 182ஏ பிரிவு தனி. பழைய எக்ஸாஸ்டைத் தூக்கிப் போடாமல் பத்திரமாக வைத்திருங்கள்.

மைல்ட் ஸ்டீலா, ஸ்டெயின்லெஸ்ஸா?
– தூத்துக்குடி வாசகர்

உங்கள் ஊர்க் கடற்காற்றுக்கு 304 ஸ்டெயின்லெஸ். பட்ஜெட் இடித்தால் 409. அதன் மேல் துரு படியும், ஆனால் சீக்கிரம் ஓட்டை விழாது. வெல்டிங்கை டிக் (TIG) முறையில் செய்யச் சொல்லுங்கள், குழாயின் உட்பக்கம் ஆர்கான் விட்டு. உள்ளே கரி மாதிரி பொரிந்திருந்தால் வேலையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.