மண்ணெண்ணெய்த் தாங்கியைக் கழற்றலாமா? பழைய கார் ஏலம் பற்றிய கேள்வி பதில்

வன்னியில் நாற்பது வருடங்களாகப் பழைய வாகனங்களைத் திருத்தி வருகிறேன். தனியார் அருங்காட்சியகங்களின் கார்கள் ஏலம் போகும் செய்திகளைப் பார்த்துவிட்டு நம்மவர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (வவுனியா): ஆசை ஆசையாகச் சேர்த்த கார்களை அருங்காட்சியகங்கள் ஏன் விற்கின்றன?

பதில்: பெரும்பாலும் சேர்த்தவர் கண்ணை மூடியதும் விற்பனை தொடங்கிவிடுகிறது. அமெரிக்காவின் ரீனோ நகரில் வில்லியம் ஹாரா என்ற சூதாட்ட விடுதி முதலாளி ஏறத்தாழ 1,400 வாகனங்களைச் சேர்த்து வைத்திருந்தார். அவர் 1978 இல் காலமானார். 1980 இல் அவருடைய நிறுவனத்தை வாங்கிய ஹொலிடே இன் என்ற ஹோட்டல் நிறுவனம், அவற்றில் பெரும்பகுதியை 1984 முதல் 1986 வரை ஏலத்தில் விற்றது. எஞ்சியவற்றில் ஒரு பகுதியைக் கொண்டு 1989 இல் அதே நகரில் ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. ஓடாமல் நிற்கும் காருக்கும் செலவு உண்டு. பிறேக் சிலிண்டர் இறுகும், டயரில் வெடிப்பு விழும், தாங்கிக்குள் துரு படியும். தகப்பனுக்கு இருந்த ஆசை பிள்ளைகளுக்கும் இருக்கும் என்று சொல்ல முடியாது.

கேள்வி (மாங்குளம்): ஏலத்தில் கேட்ட விலையைக் கொடுத்தால் கார் நமக்கா?

பதில்: இல்லை. சுத்தியல் விழும் விலைக்கு மேல் ஏல நிறுவனத்தின் கட்டணத்தையும் வரியையும் கட்ட வேண்டும். விற்பவர் ஒரு குறைந்தபட்ச விலையை முன்கூட்டியே வைத்திருந்தால், கேட்கப்படும் விலை அதை எட்டாதபோது கார் விற்கப்படாமல் திரும்பிப் போகலாம். அப்படி எதுவும் வைக்காத ஏலத்தில் கடைசியாகக் கேட்டவருக்கே கார்.

கேள்வி (புதுக்குடியிருப்பு): ஐயாவின் மொறிஸ் மைனர் கொட்டிலில் நிற்கிறது. முன்கண்ணாடி நடுவில் பிரித்த இரட்டைக் கண்ணாடி. சண்டைக் காலத்தில் பூட்டிய மண்ணெண்ணெய்த் தாங்கியும் அப்படியே இருக்கிறது. அதைக் கழற்றி, ரிங்கர் வேலை (தகரம் நிமிர்த்தி ஒட்டுவது) செய்து, பெயின்ற் அடித்து விற்றால் விலை கூடுமா?

பதில்: தம்பி, தயவுசெய்து அந்தத் தாங்கியில் கை வைக்காதீர்கள். 2015 பெப்ரவரியில் பாரிஸில் பையோன் குடும்பத்தின் 59 கார்கள் ஏலத்துக்கு வந்தன. அருங்காட்சியகம் அமைக்கும் எண்ணத்துடன் சேர்க்கப்பட்டு, தொழில் நொடித்ததால் கொட்டில்களில் கிடந்து துருப்பிடித்தவை அவை. யாரும் அவற்றுக்குப் பெயின்ற் அடிக்கவில்லை. தூசியோடும் துருவோடும் மேடைக்கு வந்தன. பழைய சஞ்சிகைக் கட்டுகளின் கீழ்க் கிடந்த பெராரி ஒன்று 1 கோடி 60 இலட்சம் யூரோவுக்கு மேல் போனது. உங்கள் மைனருக்கு அந்த விலை வரும் என்று நான் சொல்லவில்லை. கார் பட்ட பாடு அதன் உடம்பிலேயே தெரிவதை மதித்து வாங்குபவர்கள் இருக்கிறார்கள் என்றே சொல்கிறேன்.

சண்டைக் காலத்துப் பொருளாதாரத் தடையின்போது பெற்றோல் இங்கே மருந்து மாதிரி. மூடியில் ஊசித்துளை போட்ட சின்னப் போத்தலால் கார்புரேட்டருக்குள் (எரிபொருளைக் காற்றோடு கலக்கும் பாகம்) நாலு சொட்டுப் பெற்றோல் பீச்சி எஞ்சினை எழுப்பி, அது சூடேறிய பிறகே மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். அந்தப் பழைய எஞ்சின்களின் அழுத்த விகிதம் (எரிபொருள் கலவையை எஞ்சின் அமுக்கும் அளவு) குறைவு என்பதால்தான் அவை அதைத் தாங்கின. ஆனாலும் எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் எண்ணெயோடு கலந்து அதை நீர்க்கச் செய்யும், பிளக்கில் கரி கட்டும். உங்கள் காரின் வால்வுகளைத் திறந்தால் அந்தக் கரியை இன்றும் காணலாம். நம் மண்ணின் கதையைச் சொல்லும் இந்தப் பக்கத்தை நாமே கிழித்துவிடக் கூடாது.

ஒன்றைச் சரிபாருங்கள். இரட்டைக் கண்ணாடி 1956 இல் நின்றுவிட்டது. அதற்கு முந்திய கார்களில் 918 அல்லது 803 சிசி எஞ்சின்தான் இருக்கும். 948 சிசி இருந்தால், இடையில் யாரோ எஞ்சினை மாற்றியிருக்கிறார்கள். அது குற்றமில்லை, ஆனால் வாங்குபவரிடம் மறைக்கக் கூடாது.

கேள்வி (துணுக்காய்): லண்டனில் இருக்கும் அண்ணா ஏலத்தில் ஒன்றை எடுத்து அனுப்பலாமா?

பதில்: பாவித்த வாகனங்களின் இறக்குமதிக்கு இலங்கையில் வயது வரம்பு உண்டு. இறக்குமதி அனுமதியை எழுத்தில் பெறாமல் பணம் கட்ட வேண்டாம்.

கேள்வி (தருமபுரம்): இடப்பெயர்வில் பதிவுப் புத்தகம் தொலைந்துவிட்டது. ஒஸ்ரின் ஏ40 மட்டும் மிஞ்சியது. அதற்கு இனி மதிப்பு உண்டா?

பதில்: உண்டு, அக்கா. பொனற்றைத் திறந்து அடையாளத் தகட்டைத் தேடுங்கள். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் மெதுவாகத் துடையுங்கள். உப்புத்தாள் போட்டால் எழுத்தும் சேர்ந்து போய்விடும். சசி (அடிச்சட்டகம்) இலக்கம், எஞ்சின் இலக்கம், பதிவு இலக்கம் மூன்றையும் படம் எடுத்துக்கொண்டு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவேட்டின் பிரதிக்கு விண்ணப்பியுங்கள். அதன் பிறகு, அந்தக் கார் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு யாரை ஏற்றிக்கொண்டு போனது என்பதை வீட்டிலுள்ள மூத்தவர்களிடம் கேட்டு, திகதியுடன் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பழைய இரும்புக்காரர் வாசலுக்கு வந்தால், பிரதி கைக்கு வரும்வரை அவருக்கு விலை சொல்ல வேண்டாம்.