சுண்டெலி வளர்ப்பு: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

வெள்ளை எலி வளர்க்கத் தொடங்கி 17 வருடம் ஆகிறது. அதில் 6 வருடம் ஒரு மருந்தியல் கல்லூரியின் விலங்கு அறையைப் பார்த்துக்கொண்டேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஈரோடு: பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள். ஒரு ஜோடி வெள்ளை எலி வாங்கலாமா?

ஜோடி வேண்டாம். ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு பெண் எலிகளை வாங்குங்கள். சுண்டெலிக்குச் சினைக்காலம் 19 முதல் 21 நாள்தான். ஒரு ஈற்றுக்கு 6, 8 குட்டிகள், சில சமயம் 12 கூட வரும். குட்டி ஈன்ற அன்றே தாய் மறுபடி சினை பிடிக்கும். குட்டிகளோ ஆறு வாரத்தில் இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும். மூன்றாவது ஈற்றுக்குத் தாய் தயாராகும் நேரத்தில் முதல் ஈற்று மகள்களும் சினை பிடிக்கத் தொடங்கும். ஆசையாக ஒரு ஜோடி வாங்கிப் போனவர், நான்கு மாதம் கழித்து ஒரு அட்டைப்பெட்டி நிறைய எலியோடு என் வீட்டு வாசலில் நின்றார். அத்தனைக்கும் இடம் தேட என்னால் முடியவில்லை. அதனால்தான் இதை முதலிலேயே சொல்கிறேன்.

இரண்டு ஆண்களையும் சேர்த்து விடாதீர்கள். வளர்ந்ததும் ஒன்றின் வாலையும் பின்புறத்தையும் மற்றது கடித்துக் குதறும். பெண்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துத் தூங்கும். கடைக்காரர் "ரெண்டும் பொட்டைதான்" என்று சொன்னால் நம்பாமல் வாலைத் தூக்கிப் பாருங்கள். சிறுநீர்த் துளைக்கும் ஆசனவாய்க்கும் இடைவெளி அதிகமாக இருந்தால் ஆண்.

கும்பகோணம்: பீரோவில் பழைய புடவைக்குள் ஏழு சிவந்த குட்டிகள். தாயைக் காணோம். நானே வளர்க்கலாமா?

வேண்டாம் அம்மா. முடி முளைக்காமல் சிவப்பாக இருந்தால் பிறந்து இரண்டு மூன்று நாள்தான் ஆகியிருக்கும். கண் திறக்கவே இரண்டு வாரம் ஆகும். அந்த வயதில் இரவு பகலாகப் பால் கொடுத்தாலும் பெரும்பாலும் பிழைக்காது. புடவைக் கூட்டோடு அப்படியே எடுத்து, ஒரு சின்னப் பெட்டியில் வைத்து, பீரோவுக்குப் பக்கத்தில் இருட்டாக விட்டு நகர்ந்துவிடுங்கள். தாய் தேடி வந்து ஒவ்வொன்றாகக் கவ்விப் போகும். குட்டிகள் எழுப்பும் குரல் நம் காதுக்கு எட்டாது, அதன் காதுக்கு எட்டும்.

பிழைத்தாலும் வீட்டுச் சுண்டெலி கைக்குப் பழகாது. கடையில் கிடைக்கும் வெள்ளை எலியும் அதே இனம்தான், ஆனால் பல தலைமுறையாகப் பழக்கியது. ஜப்பானில் 1787-லேயே எலி வளர்ப்புக்குத் தனிப் புத்தகம் வந்துவிட்டது.

சேலம்: பழைய கிளிக்கூண்டு இருக்கிறது. போதுமா?

போதாது. மண்டை நுழையும் இடத்தில் உடம்பும் நுழைந்துவிடும். கம்பி இடைவெளி 6 மில்லிமீட்டருக்குக் கீழே இருக்க வேண்டும்.

திருச்சி: ஆணும் பெண்ணும் சேர்ந்தால்தானே சந்தோஷமாக இருக்கும்?

முதல் பதிலைப் படியுங்கள்.

நாகர்கோவில்: சமையலறையில் மூஞ்சுறு வருகிறது. எலிக்கூண்டு வைத்தும் சிக்கவில்லை. பழக்கி வளர்க்க முடியுமா?

மூஞ்சுறு எலியே இல்லை. கொறிக்கும் பிராணிகளுக்கு மேலே இரண்டு, கீழே இரண்டு உளிப்பற்கள் இருக்கும். அவை வாழ்நாள் முழுக்க வளரும். மூஞ்சுறுவுக்கு வாய் நிறைய ஊசிப் பற்கள். அதன் தீனி கரப்பான், பூச்சி, புழு. நீங்கள் தேங்காய்ச் சில்லு வைத்திருப்பீர்கள், அதற்கு அது பெரிதாகத் தெரியாது. வளர்க்க வேண்டாம், நாற்றம் தாங்காது. விரட்டவும் வேண்டாம், கரப்பான் குறையும்.

திருநெல்வேலி (மேலே உள்ளதற்கு): பிள்ளையாருக்கு வாகனமே மூஞ்சுறுதானே? எங்கள் தாத்தா எலி என்றுதான் சொன்னார். நீங்கள் இல்லை என்கிறீர்கள்.

எங்கள் வீட்டிலும் மூஞ்சுறு வாகனம் என்றுதான் சொல்வோம். அதில் நான் தலையிடவில்லை. அடுப்படியில் ஓடுகிற பிராணியைப் பற்றித்தான் பேசுகிறேன். இன்னொரு சான்று: எலிக்கு வாந்தி எடுக்கவே முடியாது, மூஞ்சுறு எடுக்கும். அதனால்தான் வாந்தி மருந்து ஆராய்ச்சிக்கு மூஞ்சுறுவை ஆய்வுக்கூடங்களில் வளர்க்கிறார்கள். குட்டிகளோடு போகும்போது பாருங்கள், முதல் குட்டி தாயின் பின்புறத்தைக் கவ்வ, அடுத்தது அதைக் கவ்வ, ரயில் மாதிரி வரிசையாக ஓடும். சுண்டெலி அப்படிச் செய்யாது.

சென்னை (அதற்கும் மேல்): எதுவாக இருந்தால் என்ன? பசைத்தட்டு வைத்தால் எல்லாம் மாட்டும்.

மாட்டும். தோல் கிழிந்து, மணிக்கணக்கில் துடித்துச் சாகும். எலியாக இருந்தாலும் அப்படிக் கொல்லக் கூடாது. பல்லியும் குருவியும்கூட மாட்டுகின்றன. ஏற்கெனவே மாட்டியிருந்தால் சமையல் எண்ணெயைத் தடவி மெதுவாகக் கழற்றுங்கள். மூக்கில் எண்ணெய் படாமல் பாருங்கள். கையில் தடித்த உறை போட்டுக்கொள்ளுங்கள்.

மதுரை: சித்திரை வெயிலில் எலி படுத்தே கிடக்கிறது.

அதற்கு வியர்க்காது. 30 டிகிரிக்கு மேல் போனால் சிரமம்தான். கூண்டை மாடி அறையிலிருந்து கீழே இறக்கி சிமெண்டுத் தரையில் வையுங்கள். உள்ளே ஒரு மண்சட்டியைக் கவிழ்த்து, நுழைய வழி விட்டு வையுங்கள். மேலே ஈரத்துணி போடலாம், காற்றை அடைத்துவிடாதீர்கள். மர அறுவைத்தூள் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். பைன், தேவதாரு நெடி மூச்சுக்குழாயைக் கெடுக்கும். காகிதத்தைக் கிழித்துப் போட்டால் போதும்.

விழுப்புரம்: ஒரு ஆண், இரண்டு பெண் வைத்தால்?

இரட்டிப்பு ஆபத்து. முதல் பதில்.

தஞ்சாவூர்: வரப்பில் கட்டைவிரல் அளவு எலி பார்த்தேன். வரப்பு எலியின் குட்டியா?

இருக்காது. அது வயல் சுண்டெலி. முழுதாக வளர்ந்தாலே 10 கிராம் பக்கம்தான். உங்கள் நெல்லைப் பெரிய அளவில் அறுப்பது வரப்பு எலி. மருந்து பற்றி வேளாண்மை அலுவலரைக் கேளுங்கள், அது என் துறை அல்ல. காலில் புண்ணோடு வயல் தண்ணீரில் மட்டும் இறங்காதீர்கள். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்துதான் எலிக்காய்ச்சல் வருகிறது.

வேலூர்: எலி கடித்துவிட்டது.

சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள். இப்போதே.

கோவை: மகள் வளர்க்கும் எலிக்கு இரண்டு வயது. மெலிந்துகொண்டே வருகிறது. கூட இருக்கும் எலி நன்றாக இருக்கிறது. என்ன செய்வது?

இரண்டு வருடம் அதற்கு நிறைவான ஆயுள். முதலில் பல்லைப் பாருங்கள், நீண்டு வளைந்திருந்தால் தின்ன முடியாமல் மெலியும். கால்நடை மருத்துவர் வெட்டிவிடுவார். பல் சரியாக இருந்தால் முதுமைதான். ஓட்ஸை வெந்நீரில் ஊற வைத்துக் குழைத்துக் கொடுங்கள், கொஞ்சம் வேகவைத்த முட்டையும். தண்ணீர்க் குழாயைத் தாழ்வாகக் கட்டுங்கள், ஏணி, ஊஞ்சலை எடுத்துவிடுங்கள். மகளிடம் மறைக்காதீர்கள், அவளே ஊட்டட்டும். அந்த இன்னொரு எலியைப் பிரிக்க வேண்டாம். அது ஒட்டிப் படுத்துக்கொண்டால் கிழ எலிக்கு உடம்புச் சூடு குறையாது.