ஆடாதோடை: இருமல் காலத்துக் கேள்விகள்

ஜூலை சாரல் தொடங்கினால் பெங்களூரில் பாதி வீடுகளில் இருமல் சத்தம்தான். போன முறை, இருமலுக்குக் கஷாயம் வைக்கும் ஆடாதோடைச் செடியைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதற்கே இத்தனை கேள்விகள் வந்துவிட்டன. ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் வைத்தியன் இல்லை, மருந்துச் செடிகளைப் பற்றி முப்பது வருடம் பாடம் நடத்தியவன். நாடி பிடித்துச் சொல்ல வேண்டியதை என்னிடம் கேட்காதீர்கள்.

ஒயிட்ஃபீல்டில் எங்கள் அடுக்குமாடி வேலியில் ஒரு செடி இருக்கிறது. தோட்டக்காரர் 'ஆடுசோகே' என்கிறார். தர்மபுரியில் அம்மா பறித்துக் கஷாயம் வைத்துத் தரும் ஆடாதோடை இதுதானா?

பெயர் சரிதான். கன்னடத்தில் ஆடுசோகே, மலையாளத்தில் ஆடலோடகம், மராத்தியில் அடுல்சா, இந்தியில் அடூஸா. ஆடு தொடாத இலை என்பதால் ஆடாதோடை என்று சொல்வார்கள். நம் பக்கத்துப் பெயர் அப்படியே லத்தீனுக்கும் போய்விட்டது. 1753இல் லின்னேயஸ் இந்தச் செடிக்கு வைத்த பெயர் ஜஸ்டீசியா அதாதோடா.

ஆனால் தோட்டக்காரர் சொன்ன பெயரை மட்டும் நம்பிப் பறிக்க வேண்டாம். இலைகள் எதிரெதிராக ஜோடி ஜோடியாக இருக்கிறதா பாருங்கள். ஒரு சாண் நீளம் வரை இருக்கும், இரண்டு முனையும் கூர்ந்திருக்கும், விளிம்பில் பல் இருக்காது. கணுக்கள் சற்றுப் புடைத்திருக்கும். கசக்கினால் பிடிக்காத ஒரு வாடை அடிக்கும். பூ வந்துவிட்டால் சந்தேகமே இல்லை: கதிர் கதிராக வெள்ளைப் பூ, இரண்டு உதடு, கீழ் உதட்டில் ஊதாக் கோடுகள். வாயைத் திறந்த சிங்கம் போல இருக்கிறதென்று சமஸ்கிருதத்தில் இதற்குச் 'சிம்மாஸ்யம்' என்றும் ஒரு பெயர் உண்டு. அப்படியும் தெளியவில்லை என்றால் ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு மெஜஸ்டிக் பக்கம், தன்வந்திரி ரோட்டில் இருக்கும் அரசு ஆயுர்வேத மருத்துவமனைக்குப் போய்க் காட்டுங்கள். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிக் கேட்பதைவிட அது மேல்.

அப்புறம், அடுக்குமாடி வேலிக்கு மாதம் ஒரு முறை பூச்சிமருந்து அடிப்பார்கள். அதை விசாரித்தீர்களா?

ஆன்லைனில் 'ஆடுதின்னாப்பாளைப் பொடி' வாங்கினேன். ஆடாதோடைக்கு இன்னொரு பெயர் என்று நினைத்தேன். தினம் அரை ஸ்பூன் தேனில் குழைத்துச் சாப்பிடலாமா?

வேண்டாம். இன்றைக்கே நிறுத்துங்கள். வந்த கேள்விகளில் என்னைத் திடுக்கிட வைத்தது இதுதான்.

ஒன்று ஆடு தொடாதது, இன்னொன்று ஆடு தின்னாதது. பெயரில்தான் ஒற்றுமை, செடிகளுக்குள் எந்த உறவும் கிடையாது. ஆடுதின்னாப்பாளை தரையோடு படரும் சிறு கொடி, அரிஸ்டலோக்கியா இனம். அதில் இருக்கும் அரிஸ்டலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் உண்டாக்கும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை இதைச் சந்தேகத்துக்கு இடமில்லாத முதல் பிரிவில் வைத்திருக்கிறது. நாட்டு வைத்தியத்தில் அந்தக் கொடிக்கும் பழைய இடம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இந்த விஷயம் தெரிந்த பிறகு வீட்டில் தானாக எடுத்துச் சாப்பிடுகிற பொருள் அல்ல அது.

பெயர்க் குழப்பம் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு பெல்ஜியத்தில் நடந்ததைச் சொல்கிறேன். 1990களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் உடல் எடை குறைக்கும் ஒரு சிகிச்சை நிலையத்துக்குப் போன பெண்கள் வரிசையாகச் சிறுநீரகம் பழுதாகி மருத்துவமனைக்கு வந்தார்கள். மாத்திரையில் சேர்க்க வேண்டிய சீன மூலிகையின் பெயர் 'ஹான் ஃபாங் ஜி'. அதற்குப் பதில் வந்து சேர்ந்தது 'குவாங் ஃபாங் ஜி', அதாவது ஒரு அரிஸ்டலோக்கியா. பலருக்கு டயாலிசிஸ், மாற்றுச் சிறுநீரகம் வரை போயிற்று. சிலருக்குப் பிற்பாடு புற்றுநோயும் வந்தது.

எவ்வளவு நாள் சாப்பிட்டீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஒரு வாரமோ ஒரு மாதமோ, டாக்டரிடம் அந்தப் பொட்டலத்தையே காட்டி, ரத்தத்தில் கிரியேட்டினினும் சிறுநீரும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

பொடியாக வாங்குவதில் எனக்கு எப்போதுமே பயம். ஒரு முறை மாணவர்களுக்குக் காட்ட ஒரு கிரந்திகே அங்கடியில் ஆடாதோடைப் பொடி வாங்கினேன் (ஊருக்குப் புதியவர்களுக்கு: நம் நாட்டு மருந்துக் கடையின் பெங்களூர்ப் பெயர் அது). ஆடாதோடை இலையில் 'சிஸ்டோலித்' என்கிற நீண்ட சுண்ணாம்புக் கட்டிகள் இருக்கும், மைக்ராஸ்கோப்பில் பளிச்சென்று தெரியும். அந்தப் பொடியில் தேடித் தேடிப் பார்த்தும் ஒன்றுகூட இல்லை. என்ன இலை என்று கடைசிவரை தெரியவில்லை. அன்றிலிருந்து முழு இலையாகத்தான் வாங்குகிறேன்.

மெடிக்கலில் கொடுத்த ப்ரோம்ஹெக்சின் மாத்திரை ஆடாதோடையிலிருந்து எடுப்பது என்று நண்பர் சொல்கிறார். உண்மையா? அப்படியானால் இலையே போதாதா?

நண்பர் சொன்னதில் பாதி உண்மை. கதை ஊட்டியில் ஆரம்பிக்கிறது. சிங்கோனா மரப்பட்டையிலிருந்து குவினைன் எடுப்பதைக் கவனிக்க அரசாங்கம் அங்கே ஒரு வேதியியலாளரை வைத்திருந்தது, பெயர் டேவிட் ஹூப்பர். அவர்தான் 1888இல் ஆடாதோடை இலையிலிருந்து ஆல்கலாய்டு வகையைச் சேர்ந்த ஒரு கசப்பான வேதிப்பொருளைப் பிரித்தார். செடியின் சமஸ்கிருதப் பெயரான வாசகாவை வைத்து அதற்கு வாசிசின் என்று பெயர். பிற்காலத்தில் ஜெர்மனியின் போரிங்கர் இங்கல்ஹைம் நிறுவனம் வாசிசினை முன்மாதிரியாக வைத்து, புரோமின் அணுக்களைச் சேர்த்துப் புதிதாக ஒரு மூலக்கூறை உண்டாக்கியது. 1963இல் சந்தைக்கு வந்த அதுதான் ப்ரோம்ஹெக்சின். நம் உடம்பு ப்ரோம்ஹெக்சினை மாற்றும்போது உண்டாகிற பொருளே அம்ப்ராக்ஸால். அதுவும் தனி மருந்தாகிவிட்டது. வீட்டில் இருக்கும் இருமல் சிரப் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள், அம்ப்ராக்ஸால் இருக்க வாய்ப்பு அதிகம்.

ஆக, மாத்திரை ஆலையில் செய்தது, இலையில் ப்ரோம்ஹெக்சின் கிடையாது. 'எங்கள் மூலிகையில் இயற்கையான ப்ரோம்ஹெக்சின்' என்று யாராவது விளம்பரம் செய்தால் அந்தப் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு நகருங்கள். இரண்டுக்கும் பொதுவான வேலை, கெட்டிச் சளியை இளக்கி வெளியே வரவைப்பது. மாத்திரையில் எத்தனை மில்லிகிராம் என்று எழுதியிருக்கும். இலையில் வாசிசின் அளவு மண்ணுக்கும் பருவத்துக்கும் ஏற்ப மாறும், காய்ந்து பழையதானால் ஒரு பகுதி வாசிசினோன் என்கிற வேறு பொருளாக மாறிவிடும். மூச்சுக்குழாயை விரிப்பது பற்றி விலங்குகளில் நிறைய வேலை நடந்திருக்கிறது. மனிதர்களிடம் இலையை வைத்துச் செய்த பெரிய சோதனைகள் குறைவு. சாதாரணச் சளி இருமலுக்கு நான் இலையைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் டாக்டர் எழுதிக்கொடுத்ததை நிறுத்திவிட்டு இலைக்கு மாறுவது வேறு விஷயம். மாத்திரையும் குற்றமற்றது இல்லை. ப்ரோம்ஹெக்சினோ அம்ப்ராக்ஸாலோ எடுத்தபின் தோலில் தடிப்பு வந்தால் உடனே நிறுத்த வேண்டும் என்று 2015இல் ஐரோப்பிய மருந்து முகமை எச்சரித்தது.

இந்த அம்ப்ராக்ஸாலை இப்போது லண்டனில் பார்கின்சன் நோய்க்கும் சோதித்துப் பார்க்கிறார்கள். முடிவு வரட்டும்.

மகளுக்குக் கர்ப்பத்தில் நான்காம் மாதம். இருமல் விடவே இல்லை. மூலிகைதானே, கஷாயம் தரலாமா?

கூடாது. வாசிசின் கருப்பையைச் சுருங்கவைக்கும். ஜம்முவில் இருந்த பிராந்திய ஆராய்ச்சிக்கூடத்தில் பிரசவத்துக்கும் கருக்கலைப்புக்கும் இதைப் பயன்படுத்த முடியுமா என்றே ஆராய்ந்தார்கள். ஆடாதோடை மணப்பாகு என்கிற பாகு மருந்து, கபசுரக் குடிநீர் இரண்டிலும் இந்த இலை இருக்கிறது, அவையும் வேண்டாம். அவரைப் பார்க்கும் பிரசவ டாக்டரிடம் கேளுங்கள்.

அப்பாவுக்கு ஒரு மாதமாக இருமல். நேற்று சளியில் ரத்தக் கீற்று. ஆடாதோடை ரத்தத்தைக் கட்டும் என்று படித்தேன். எவ்வளவு தரலாம்?

படித்தது தவறில்லை. ஆயுர்வேதத்தில் 'ரத்தபித்தம்' என்கிற ரத்தப்போக்குக் கோளாறுக்கு வாசாதான், அதாவது ஆடாதோடைதான், முதல் மருந்து. பழைய சுலோகம் ஒன்று உண்டு: வாசா இருக்கையில், உயிர் வாழும் ஆசையும் இருக்கையில், ரத்தபித்தக்காரனும் க்ஷயக்காரனும் இருமல்காரனும் எதற்காக வருந்த வேண்டும்? கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைச் சொன்ன காலத்தில் க்ஷயத்துக்கு, அதாவது காசநோய்க்கு, காரணம் ஒரு கிருமி என்றே தெரியாது. ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் கோஹ் அதைக் கண்டுபிடித்தது 1882இல். கிருமியைக் கொல்லும் முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது 1940களில். இன்றைக்கு ஆறு மாத மாத்திரையில் பெரும்பாலும் குணமாகிற நோய் அது.

ஆகவே அளவு சொல்ல மாட்டேன். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தாலே காசநோய்ப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது விதி. உங்கள் அப்பாவுக்கு ரத்தமும் சேர்ந்திருக்கிறது. நாளை காலையிலேயே கூட்டிப்போங்கள். பக்கத்து அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனைக்குக் காசு கிடையாது. நிம்ஹான்ஸ் பக்கத்தில் ராஜீவ் காந்தி நெஞ்சக நோய் நிறுவனமும் இருக்கிறது. காசநோயாக இல்லாமலும் போகலாம், புகை பிடிப்பவரானால் வேறு காரணத்தையும் பார்ப்பார்கள். ரத்தம் கீற்றாக இல்லாமல் கொட்டினால் காலை வரை காத்திருக்க வேண்டாம், அவசரப் பிரிவுக்கே போங்கள்.

மூன்று வயதுக் குழந்தைக்கு ஆடாதோடை மணப்பாகு?

சித்த மருத்துவர் பார்த்து அளவு சொன்னால் தரலாம், நீங்களாக வேண்டாம். ஆங்கில மருந்துக்கடை இருமல் சிரப்பும் அப்படித்தான். இரண்டு வயதுக்குள் தரவே கூடாது, ஐந்துக்குள் பொதுவாகத் தேவையில்லை என்று 2025 அக்டோபரில் மத்திய சுகாதாரத் துறையே சொல்லிவிட்டது. ஒரு வயது தாண்டிய குழந்தைக்குப் படுக்கும்போது அரை ஸ்பூன் தேன் போதும். ஒரு வயதுக்குள் தேனும் கூடாது.

அல்சூரிலிருந்து ஒரு பாட்டி கேட்கிறார்: இலையை எவ்வளவு இடித்தாலும் சாறு வரவில்லையே?

வராது பாட்டி, இந்த இலையின் சுபாவம் அது. பழைய நூல்களில் இதற்கென்றே 'புடபாகம்' என்று ஒரு முறை இருக்கிறது. இலையை அரைத்து உருட்டி, வேறு இலையில் சுற்றி, மேலே மண் பூசி நெருப்பில் வாட்டிப் பிழிவார்கள். நமக்கு இட்லிப் பானை இருக்கிறது. நன்றாகக் கழுவிய இலையை இட்லி வேகிற நேரம் ஆவியில் வைத்து, ஆறியதும் துணியில் கட்டிப் பிழிந்தால் பச்சையாகச் சாறு இறங்கும். பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 20 மில்லி என்று ஆயுர்வேத மருந்துநூல் சொல்கிறது. பத்திலேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அதிகமானால் வாந்தி வரும். கசப்புக்குத் தேன் சேர்க்கலாம், ஆனால் உங்களுக்குச் சர்க்கரை இருப்பதாக எழுதியிருக்கிறீர்களே? அப்படியானால் தேனும் வேண்டாம், கடையில் விற்கும் மணப்பாகும் வேண்டாம். மணப்பாகு என்பதே சர்க்கரைப் பாகுதான். மூன்று நாளில் குறையவில்லை என்றால் டாக்டரிடம் போய்விடுங்கள்.

'ஆடாதோடைக்குப் பாடாத நாவும் பாடும்' என்ற பழமொழியையும் நினைவுபடுத்தியிருக்கிறீர்கள். தொண்டைச் சளி கரைந்தால் குரல் திறக்கும், அவ்வளவுதான். சங்கீத வகுப்புக்குப் போகும் பேத்திக்குத் தினம் கொடுக்கலாமா என்கிறீர்கள். வேண்டாம், சாதகம் பண்ணச் சொல்லுங்கள்.

எனக்கு ஆஸ்துமா. பெங்களூர் வந்த பிறகுதான் அதிகம். இன்ஹேலரை விட்டுவிட்டு இதற்கு வரலாமா?

வர வேண்டாம். ஆஸ்துமா மூச்சுக்குழாயின் அழற்சி. இன்ஹேலரில் இருக்கும் ஸ்டீராய்டு அதைத்தான் அடக்குகிறது, இலையால் அந்த வேலை ஆகாது. காலி மனைகளில் பூத்துக் கிடக்கும் பார்த்தீனியம் ஒத்துக்கொள்கிறதா என்று டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள்.

பால்கனித் தொட்டியில் வளருமா?

தாராளமாக. விதை தேட வேண்டாம். பென்சில் தடிமனில், மூன்று நான்கு கணு உள்ள முற்றிய குச்சியை நட்டால் போதும். தண்ணீர் தேங்கக் கூடாது, வெயில் வேண்டும். ஆளுயரத்துக்கு மேல் போகும் செடி, அதனால் அடிக்கடி வெட்டிவிடுங்கள். வெட்டிய இலைகளைத் தொட்டி மண்ணிலேயே போடலாம், நல்ல தழை உரம்.